வாய்ப்பக்கம்

என் வேலை கடைசியில்தான் வரும்.
அதுவரை ஊசிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

யொகோதேயில் இரவெல்லாம் பனி.
காலை ஒன்பதேகாலுக்கு
மருத்துவர் குவாபராவின் திரையில்
யாரோ ஒருவருடைய இரைப்பை
ஈரமாய் விரிகிறது.

யாரோ இல்லை. தொகிதா இசாவோ,
நகராட்சியின் பனிவாரி வண்டி ஓட்டுநர்,
அறுபத்து மூன்று வயது.
நேற்று கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
"வயிற்றைக் கிழிக்காமல் எப்படி?"
மருத்துவர் தாளின் பின்புறம் வரைந்து காட்டினார்:
சுவருக்குப் பல படலம்,
கெட்டது மேல்படலத்தோடு நிற்பதாகத் தெரிகிறது,
அதை மட்டும் சீவி எடுப்போம்.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அட, என் வேலைதான்.
பனி போக வேண்டும், தார் போகக் கூடாது."

பிறகு தானாகவே பேசினார்,
தன் தடத்தில் பதினாறு மேன்ஹோல் மூடிகள் என்று,
பனிக்கடியில் ஒன்றும் தெரியாது என்று,
அலகு பட்டால் கடைவாய்ப்பல் வரை அதிரும் என்று.
பதினாறும் மனப்பாடம்.

இப்போது அவர் இடப்பக்கம் சாய்ந்து உறங்குகிறார்.
அவுரி நீலம் தெளித்ததும்
ஒளிந்திருந்த ஓரம் பிடிபட்டது.
சுற்றிலும் சூட்டுப் புள்ளிகள்.
அடியில் திரவம் செலுத்த
அடுப்பில் வாட்டிய மோச்சிபோல
அந்த இடம் உப்பி எழுந்தது.
கத்தியின் நுனியில் கடுகளவு பீங்கான் குண்டு,
துளைத்துவிடாமல் இருக்க.

நாற்பதாவது நிமிடம்
திரை முழுக்கச் சிவப்பு.
"தண்ணீர்," என்றார் மருத்துவர்.
ஹோனாமி பீய்ச்சினாள்.
"இன்னும்."
அவருக்கு மனப்பாடம் கிடையாது.
ஒவ்வொரு இரைப்பையும்
முதல்முறை நுழையும் தெரு.
அந்த ஒற்றைக் குழாயைக் கண்டுபிடித்துக் கருக்கும்வரை
அறையில் யாரும்
காலை மாற்றி நிற்கவில்லை.

பதினோரு மணிக்கு
சோறு போன வழியாகவே
அது வெளியே வந்தது.

இனி நான்.

வெட்டுப்பட்டது சுருங்கும்.
நனைந்த தாளைப் பிரிப்பதுபோல் பிரித்து
பலகையில் பரப்பி
ஓரமெங்கும் ஊசி குத்த வேண்டும்.
அதிகம் இழுத்தால் பொய்.
குறைவாய் இழுத்தாலும் பொய்.
வயிற்றுக்குள் எந்த அளவில் இருந்ததோ அந்த அளவு,
முப்பத்தோரு மில்லிமீட்டர்,
அதற்குள் அது, பதினான்கு.

சேர்ந்த புதிதில் ஒருமுறை
திசையை மாற்றி எழுதிவிட்டேன்.
மிச்சம் எங்கே என்று
எதிர்க்கரையில் தேடியிருப்பார்கள்.
நல்லவேளை, படத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிட்டார்கள்.
யாரும் திட்டவில்லை.
அன்றிலிருந்து பென்சிலை எடுக்கும்போதெல்லாம்
வாய்விட்டுச் சொல்கிறேன்:
வாய்ப்பக்கம், இது வாய்ப்பக்கம்.
ஹோனாமி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

மனைவி கினுயோவிடம் காட்டினோம்.
கையுறை போடாத விரலைப்
பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.
"ஐந்நூறு யென் காசைவிடக் கொஞ்சம் பெரிது."
பிறகு, என்னிடம் மட்டும்:
"முப்பத்தைந்து வருடம் நான் உப்பிட்ட முள்ளங்கி.
அதனாலா?"

கிருமி, வயது, புகை, உப்பு,
எந்தச் சாடி என்று எவர் சொல்வார்?
மருத்துவரைக் கேளுங்கள் என்றேன்.
அது பதில் இல்லை என்று
இருவருக்கும் தெரியும்.

பலகையைத் தலைகீழாய்
ஃபார்மலினில் மிதக்கவிட்டேன்.
இரண்டு மில்லிமீட்டர் கீற்றுகளாய் அரிந்து பார்ப்பார்கள்.
அடி ஓரம் சுத்தமா?
பத்து நாள் ஆகும்.

பிற்பகல்.
பெயர்ப்பட்டை சரிபார்க்கப் போனபோது
அரை மயக்கத்தில் கிடந்தார்.
வெளியே அவருடைய வண்டி,
வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.
திடீரென்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம்,
சன்னல் நடுங்கியது.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"நூலக முனை. ஏழாவது."
பிறகு, வறண்ட தொண்டையில்:
"கொஞ்சம் தூக்கிப் பிடிடா."